சத்தம் போடாத கீபோர்டு

கன்னையாவின் இடது கையில் மூன்று விரல்கள்தான். சுண்டுவிரலையும் மோதிரவிரலையும் 1984-இல் ஷா ஆலம் பக்கம் ஒரு தொழிற்சாலையில் தகடு வெட்டும் பிரஸ் மெஷின் எடுத்துக்கொண்டது. வலிக்கு முன்னால் சத்தம்தான் வந்தது என்று சொல்வார். காய்ந்த தென்னை மட்டையை மிதித்த மாதிரி. பக்கத்து மெஷின்காரன் பயந்து ஓடிவிட்டான். கன்னையா தானே குனிந்து எண்ணெய்த் தரையில் விரல்களைத் தேடினார். ஒன்று கிடைத்தது. கைக்குட்டையில் சுற்றிச் சட்டைப்பையில் போட்டுக்கொண்டு, கம்பெனி லோரியில் முன்சீட்டில் உட்கார்ந்து ஆஸ்பத்திரிக்குப் போனார். டாக்டர் அதைப் பிரித்துப் பார்த்துவிட்டு ஒரு தட்டில் போட்டார். அந்தத் தட்டை யாரோ எடுத்துப் போனார்கள். அவ்வளவுதான்.

வார நாட்களில் அவர் தொழிலாளி. ஞாயிற்றுக்கிழமைகளில் பாடகன் ரமணி நடத்திய இசைக்குழுவில் கீபோர்டு. கல்யாணம், கோயில் திருவிழா, தீபாவளி விருந்து என்று ரவாங்கிலிருந்து டெங்கில் வரை வேனில் போய் வாசிப்பார்கள். விரல் போன பிறகு ரமணி வீட்டுக்கு வந்து, "ஓய்வெடுங்க அண்ணே, மத்தத அப்புறம் பாக்கலாம்லா" என்றான். அவன் குரலில் இருந்த கனிவைக் கேட்டதும் தன் வேலை போய்விட்டது என்று கன்னையாவுக்குப் புரிந்துவிட்டது.

சொக்சோ என்ற தொழிலாளர் காப்பீட்டில் இழப்பீடு வந்ததும் அவர் கோலாலம்பூரில் ஒரு சீனர் கடையில் இன்னொரு கீபோர்டு வாங்கினார். அதை அழுத்தினால் ஒரு சத்தமும் வராது. உள்ளே ஒலி என்று எதுவும் கிடையாது. பின்பக்கம் ஐந்து ஊசி வைத்த மிடி வயர் ஒன்று போகும். இந்தக் கட்டையை அழுத்தினான், இவ்வளவு பலமாக அழுத்தினான், இப்போது விட்டான் என்ற செய்தி மட்டும்தான் அந்த வயரில் ஓடும். சத்தம் போடுவது வேறு பெட்டிகள். வயலின் கூட்டத்துக்கு ஒன்று, பேஸ் கித்தாருக்கு ஒன்று, புல்லாங்குழலுக்கு ஒன்று, தாளத்துக்கு டிரம் மெஷின் ஒன்று. கீபோர்டின் இடது ஓரத்தைப் பேஸ் பெட்டிக்கும், நடுவை வயலினுக்கும், வலது ஓரத்தைப் புல்லாங்குழலுக்கும் பங்கு பிரித்து வைத்தார். பேஸுக்கு மூன்று விரல் போதும். மீதியை வலது கையின் ஐந்தும் பார்த்துக்கொண்டன. எட்டு விரலை வைத்து நான்கு பேர் வேலை செய்தார். ரமணி வாயைத் திறந்தபடி கேட்டுவிட்டு, மறு ஞாயிறே அவரைத் திரும்பச் சேர்த்துக்கொண்டான்.

பிரிக்பீல்ட்ஸில் எங்கள் வீட்டுக்கும் அவர் வீட்டுக்கும் நடுவே ஒரு பலகைச் சுவர்தான். அந்தச் சுவர் வழியாக வருவதில் பாதி தம்புசாமியின் குரலாக இருக்கும்.

தம்புசாமி கன்னையாவின் மச்சான். மனைவி சந்திரகலாவின் அண்ணன். அதே இசைக்குழுவில் டிரம்ஸ். கல்யாணம் ஆகாதவர், தங்கை வீட்டு முன்னறையிலேயே இருந்தார். கை பேசிய பிறகுதான் அவருக்கு வாய் பேசும். தங்கையைக் கன்னையா விரும்புகிறார் என்று தெரிந்த அன்று பேருந்து நிறுத்தத்தில் வைத்துக் கன்னையாவின் முன்பல்லை உடைத்தார். இரண்டு மாதம் கழித்து அதே கன்னையாவுக்கு மாலை எடுத்துக்கொடுத்து, "நல்லா வெச்சுக்க, இல்லன்னா இன்னும் முப்பத்தொண்ணு இருக்கு" என்றார். மேடை முன்னால் யாராவது கிண்டல் செய்தால் குச்சியைக் கீழே வைத்துவிட்டு இறங்கிப் போவார். மூக்கு உடையும். திரும்பி ஏறி, பாட்டு எந்த இடத்தில் இருக்கிறதோ அந்த இடத்தில் சேர்ந்துகொள்வார். தாளம் தப்பாது. ஆனால் அவர் அடியில் ஒரு குணம் உண்டு. நான்காவது சுற்றில் இடது கை ஒரு இம்மி முந்தும். யாரோ பின்னாலிருந்து தள்ளிவிட்ட மாதிரி. பதினோரு வருடமாக ரமணி அந்தத் தள்ளலில்தான் மேல் ஸ்தாயிக்கு ஏறிப் பழகியிருந்தான்.

அந்த அடியைத்தான் கன்னையா டிரம் மெஷினுக்குள் போட்டார். 1989-இல், நான்கு மாதம், தினமும் வேலை முடிந்து வந்து. சத்தம் போடாத கீபோர்டிலேயே ஒரு கட்டைக்குப் பெரிய டிரம், அடுத்ததுக்குச் சின்ன டிரம், அதற்கடுத்து ஜால்ரா என்று வைத்துக்கொண்டு விரலால் தட்டித் தட்டி ஏற்றினார். காதில் ஹெட்போன். சுவருக்கு இந்தப் பக்கம் எனக்குக் கேட்டதெல்லாம் பிளாஸ்டிக் கட்டைகளின் டப் டப் மட்டும். அந்த மெஷினுக்கு ஒரு பழக்கம் இருந்தது. முன்பின்னாக விழும் அடியைத் தானாகவே சரியான இடத்தில் கொண்டுபோய் வைத்துவிடும். அந்தத் திருத்தத்தை அணைத்துவிட்டுத்தான் ஏற்ற வேண்டியிருந்தது என்று பிறகு சொன்னார். நான்காவது சுற்றின் இடது கை அவசரத்தைப் பிடிக்க மட்டும் மூன்று வாரமாம்.

முதலில் அது தம்புசாமி வர முடியாத நாட்களுக்கு என்றுதான் இருந்தது. ரமணிக்கு அது ருசித்துவிட்டது. வேனில் டிரம்ஸ் ஏற்ற வேண்டாம், இறக்க வேண்டாம், யார் மூக்கையும் யாரும் உடைக்கப் போவதில்லை. ஒரு நாள் காலையில் வாசலில் நின்றபடியே சொன்னான். "தம்பு அண்ணே, இப்ப எல்லாம் சின்ன மண்டபம்லா. மேடையில எடம் பத்தல." தம்புசாமி பல் தேய்த்துக்கொண்டிருந்தார். பிரஷ்ஷை வாயில் வைத்தபடியே அவன் சட்டையைப் பிடித்து நெற்றியால் ஒரு முட்டு. ரமணி வாசல் குழாயடியில் உட்கார்ந்துவிட்டான். வெள்ளைச் சட்டையில் ரத்தமும் பற்பசை நுரையும்.

அது கூடப் பரவாயில்லை. அடுத்த வாரம் ரவாங்கில் ஒரு கல்யாணம். தம்புசாமி அழைப்பில்லாமல் போய் மண்டபத்துக்கு வெளியே மோட்டார் சைக்கிள்கள் நடுவில் நின்றார். உள்ளேயிருந்து பாட்டு வந்தது. பாட்டுக்கு அடியில் அவர் வந்தார். நான்காவது சுற்றில் இடது கை முந்தியது.

மறுநாள் காலை அவர் பேசியதைச் சுவர் முழுக்கச் சொன்னது.

"மாப்ளே, கைய இங்க வை."

"வேலைக்கு நேரமாச்சு மச்சான்."

"வைன்னா வை. அந்தக் கை இல்ல. முழுசா இருக்கிற கை."

மேசை மேல் கை வைக்கப்படும் சத்தம். அதன்மேல் இன்னொரு கை அழுந்த, மேசை முனகியது.

"கிள்ளான் கல்யாணம் எப்ப?"

"வர்ற ஞாயிறு."

"அங்க என் அடி கேட்டுச்சுன்னா இந்தக் கை உனக்கு இல்ல. அஞ்சையும் ஒவ்வொண்ணா ஒடிப்பேன். அப்புறம் மூணு விரல வெச்சுக்கிட்டு மூக்க நோண்டு."

சந்திரகலாவின் குரல் அடுப்படியிலிருந்து வந்தது. "அண்ணே, கைய விடுங்க. தேத்தண்ணி ஆறுது."

கன்னையா வேலைக்குப் போய்விட்டார். அன்று மாலை சந்திரகலா அவரிடம் கேட்டாள். "அந்தப் பெட்டியில வேற தாளமே இல்லையாங்க?"

"நூறு இருக்கு. எல்லாம் வெள்ளக்காரன் சூட்டு போட்டுட்டு நடக்கிற மாதிரி இருக்கு."

"நடந்தா நடக்கட்டுமே. உங்க கை முக்கியமா, தாளம் முக்கியமா?"

"உங்க அண்ணன் அடிக்கு மேலதான் என் கை பழகியிருக்கு. அது இல்லாட்டி இந்தக் கையும் சும்மாதான்" என்றார். அவர் சொன்னது மெத்தச் சரி என்று எனக்கு அப்போது தோன்றியது. இப்போது அப்படித் தோன்றவில்லை. அது தம்புசாமியின் அடி. கேட்டிருக்கலாம். ஒரு வார்த்தை கேட்டிருந்தால் தம்புசாமி இரண்டு அறை அறைந்துவிட்டுக் கொடுத்திருப்பார்.

ஞாயிறு பகல், கிள்ளான். தாலி கட்டி முடிந்து, முதல் பந்தி இலையில் உட்கார்ந்தாகிவிட்டது. நான் மூன்றாவது வரிசை நாற்காலியில் இருந்தேன். மேடையில் கீபோர்டு மட்டும். பெட்டிகளைத் திரைக்குப் பின்னால், மேடையின் கடைசி விளிம்பில் ஒரு மேசை மேல் அடுக்கி, நீள வயர் இழுத்திருந்தார். மச்சான் வந்தால் பெட்டிகளைத்தான் உடைப்பார், கீபோர்டு போனால் இன்னொன்று வாங்கலாம் என்று கணக்கு. கைக்கு என்ன கணக்கு வைத்திருந்தார் என்று தெரியவில்லை. ரமணி மூக்கில் பஞ்சோடு பாடிக்கொண்டிருந்தான்.

நான்காவது பாட்டில் தம்புசாமி வந்தார். கூட அவர் கூட்டாளி வாசுவும் இன்னொருவனும். தம்புசாமி கையில் சுருட்டிய பாய். அதற்குள்ளிருந்து ஹாக்கி மட்டையின் வளைவு தெரிந்தது. என் நாற்காலியைக் கடக்கும்போது வாசு பந்தியைப் பார்த்துக்கொண்டே கேட்டான்.

"போஸ், சாப்ட்டுட்டு அடிக்கலாமா? அடிச்சுட்டுச் சாப்பிடலாமா?"

"வாய மூடிட்டு வாடா."

ரமணி அவர்களைப் பார்த்ததும் பாடிக்கொண்டே பின்னால் நகர்ந்து, மணமக்களின் சிங்காசன நாற்காலிக்குப் பின்னால் போய்விட்டான். கன்னையாவும் பார்த்தார். விரலை எடுக்கவில்லை. நான்கு கட்டைகளை ஒன்றாக அழுத்திப் பிடித்திருந்தார், நீளமான வயலின் ஒலி.

முதல் அடி கீபோர்டின் நடுவில் விழுந்தது. வெள்ளைக் கட்டைகள் தெறித்தன. ஒன்று முன்வரிசையில் ஒரு கிழவரின் பாயச டம்ளரில் விழுந்தது. அவர் அதை எடுத்து உதறிப் பார்த்தார். இரண்டாவது அடியில் கீபோர்டு இரண்டாக முறிந்து, வயரைப் பிடுங்கிக்கொண்டு தரையில் விழுந்தது. பெண்கள் குழந்தைகளை இழுத்துக்கொண்டு ஓடினார்கள். நாற்காலிகள் சாய்ந்தன.

சத்தம் நிற்கவில்லை.

கட்டையை விட்டுவிட்டான் என்ற செய்தி போகவே இல்லையே. வயலின் பெட்டியைப் பொறுத்தவரை கன்னையாவின் விரல்கள் இன்னும் அந்த நான்கு கட்டைகளிலேயே இருந்தன. அது தன் பாட்டுக்கு ஒரே ஒலியை இழுத்துக்கொண்டிருந்தது. அதற்கடியில் டிரம் மெஷின் ஓடிக்கொண்டிருந்தது. தம்புசாமி உடைந்ததையே மறுபடி அடித்தார். மூன்று முறை, நான்கு முறை. பிளாஸ்டிக் சில்லுகள் பறந்தன.

"என்ன போஸ் இது, செத்தும் கத்துது" என்றான் வாசு.

தம்புசாமி நின்றார். மூச்சு வாங்கியது. அவர் முகம் ஒலிபெருக்கியின் பக்கம் திரும்பியது. நான்காவது சுற்று வந்தது, இடது கை முந்தியது. அவருடைய இடது தோள், அவரையறியாமல், அந்த இடத்தில் ஒருமுறை அசைந்ததைப் பார்த்தேன்.

அதன் பிறகுதான் அவர் உண்மையிலேயே கோபப்பட்டார். கன்னையாவைத் தலைமுடியைப் பிடித்துத் திரைக்குப் பின்னால் இழுத்துப் போனார். கன்னையாவின் முழங்கால் மேடைப் பலகையில் தேய்ந்து வேட்டியில் சிவப்பு ஏறியது. நானும் இன்னும் நாலைந்து பேரும் பக்கவாட்டுப் படி வழியாக ஓடினோம். ஓடினோமே தவிர யாரும் கிட்டே போகவில்லை.

பெட்டிகளில் சின்னச் சின்ன விளக்குகள் எரிந்துகொண்டிருந்தன. தம்புசாமி மட்டையை அக்குளில் இடுக்கிக்கொண்டு ஐந்து ஊசி வயர்களை எல்லாம் இரண்டு கையாலும் பிடுங்கினார். அவை செய்தி கொண்டுபோகும் வயர்கள். பெட்டிகளை ஓட்டும் மின்சாரமும் அவற்றில் இல்லை, சத்தமும் இல்லை. எல்லா வயரும் கைக்கு வந்துவிட்டன, ஒலி அப்படியே இருந்தது. நிறுத்து என்று சொல்வதற்கு இருந்த கடைசி வழியையும் அவரே அறுத்துவிட்டார்.

"நிறுத்துடா."

கன்னையாவின் உதடு கிழிந்திருந்தது. வாசு அவர் முழங்கையை அழுத்தி, வலது கையைப் பெட்டியின் இரும்பு மூடிமேல் விரித்து வைத்தான். தம்புசாமி மட்டையை ஓங்கினார்.

"நிறுத்து. இல்ல கை போகும்."

"கை போனா எதால நிறுத்துறது?" என்றார் கன்னையா. "கைய விடுங்க மச்சான். பொத்தான அமுக்கணும்."

"விடாதீங்க போஸ், சும்மா கத வுடுறான்."

அந்த வயலின் ஒலி காதுக்குள் ஆணி மாதிரி நின்றது. அடி ஓடிக்கொண்டே இருந்தது. தம்புசாமியின் கழுத்து நரம்பு புடைத்து, கண் கலங்கியிருந்தது. ஒரு மனிதன் தன் முதுகைத் தானே பார்த்துவிட்டால் அப்படித்தான் முழிப்பான் என்று நினைக்கிறேன். கையை ஒடிப்பதைவிட அந்தச் சத்தம் நிற்பதுதான் அப்போது அவருக்கு வேண்டியிருந்தது.

"விடுடா அவன" என்றார்.

வாசு விட்டான். கன்னையா கையை ஒருமுறை உதறினார். டிரம் மெஷினை நோக்கி நீட்டினார். நீட்டிய கை பொத்தானைத் தாண்டிப் போய், பக்கத்தில் சாய்த்து வைத்திருந்த மைக் ஸ்டாண்டைப் பிடித்தது. அடியில் வட்ட இரும்புத் தட்டு வைத்த பழைய ஸ்டாண்டு. அதைத் தலைகீழாகத் தூக்கி ஒரே வீச்சு. மட்டையைத் தாழ்த்திவிட்ட தம்புசாமியின் வலது மணிக்கட்டு பெட்டி விளிம்பில் இருந்தது. இரும்புக்கும் இரும்புக்கும் நடுவில்.

ஒன்று போதும். கன்னையா மூன்று அடித்தார். மூன்றும் அதே இடத்தில். அவர் முகத்தில் கோபமே இல்லை. பிரஸ் மெஷினில் தகடு வைத்து எடுக்கிற முகம்தான்.

தம்புசாமி பின்னால் தள்ளாடி, மேடை விளிம்பு தெரியாமல் கால் வைத்து, நான்கடி கீழே சிமெண்டுத் தரையில் இடது தோள்பட்டை அடிபட விழுந்தார். வாசுவும் மற்றவனும் சமையல்கட்டு வழியாக ஓடிவிட்டார்கள். கன்னையா ஸ்டாண்டைப் பிடித்தபடி விளிம்பில் நின்றார். வாயைத் திறந்து என்னவோ சொன்னார், கேட்கவில்லை. கல்யாணப் பெண்ணின் மாமன் ஒருவர் ஓடிப்போய் மண்டபத்தின் மெயின் ஸ்விட்ச்சையே இறக்கினார். விளக்கும் மின்விசிறியும் வயலினும் தாளமும் ஒன்றாக நின்றன.

அப்போதுதான் தம்புசாமி கத்திக்கொண்டிருப்பது எங்களுக்குக் கேட்டது. விழுந்ததிலிருந்தே கத்திக்கொண்டிருந்திருக்கிறார்.

போலீஸ் விசாரணையில் இரண்டு பேரும் ஒரே கதையைச் சொன்னார்கள். மேடையிலிருந்து தவறி விழுந்தது. கீபோர்டு எப்படி உடைந்தது என்று அதிகாரி கேட்டதற்கு, "அதும் விழுந்துருச்சு, டுவான்" என்றாராம் தம்புசாமி, ஆஸ்பத்திரிக் கட்டிலில் படுத்தபடி.

மணிக்கட்டு எலும்பு ஆறு துண்டு. கம்பி வைத்தார்கள். இனி பேனா பிடிக்கலாம், டிரம்ஸ் குச்சியை மறந்துவிடலாம் என்று டாக்டர் சொன்னார். இடது பக்கம் கழுத்தெலும்பு முறிவு. இரண்டு கையும் கட்டுப் போட்டு மார்போடு சேர்ந்திருந்தன. பன்னிரண்டாம் நாள் சந்திரகலா ஒரு டாக்ஸி பிடித்து அவரைக் கூட்டி வந்து, அதே முன்னறையில், அதே பாயில் உட்கார வைத்தாள். கன்னையா வாசலில் நின்றார். அவள் அவரைப் பார்க்காமலேயே சொன்னாள். "வேற எங்க போவாரு."

அந்த மாதம் அவளுக்குக் காலை ஷிப்ட், எலெக்ட்ரானிக் தொழிற்சாலையில். கன்னையாவுக்கும் ஷிப்ட் மாறியிருந்தது, மதியம் மூன்று மணிக்குத்தான் வேலை. பகல் சோறு கன்னையாவின் பொறுப்பாகிவிட்டது. முதல் மூன்று நாள் அவர் தட்டைக் கொண்டுபோய் வைப்பார், தம்புசாமி சுவரைப் பார்த்துத் திரும்பிக்கொள்வார், மூன்றரைக்குத் தங்கை வந்து ஊட்டும் வரை பட்டினி. நான்காம் நாள் அவளுக்கு ஓவர்டைம். ஏழு மணிக்குத்தான் வருவாள்.

எங்கள் சமையலறைப் பக்கம் அந்தச் சுவரில் ஒரு பலகை விலகியிருந்தது, அதன் வழியாக அவர்கள் முன்னறை தெரியும்.

"வாயத் திறங்க மச்சான்."

"வெச்சுட்டுப் போ."

"வெச்சுட்டுப் போனா எதால சாப்புடுவீங்க? நாய் மாதிரியா?"

"என் கைய ஒடச்ச கைடா அது."

"அந்தக் கைதான். இன்னொண்ணு இடது கை, அதால ஊட்ட முடியாது." கன்னையா ரசம் விட்டுப் பிசைந்து ஒரு உருண்டை எடுத்தார். "எனக்கு மூணு மணிக்கு வேல. திறங்க."

தம்புசாமி அவரைப் பார்த்தார். ரொம்ப நேரம் பார்த்தார். பிறகு வாயைத் திறந்தார். சோறு உள்ளே போனது. கன்னையா விரலை எடுப்பதற்குள் பற்கள் இறங்கின.

ஆள்காட்டி விரலும் நடுவிரலும், இரண்டாம் கணு வரை. தம்புசாமியின் தாடை இரண்டு பக்கமும் புடைத்து நடுங்கியது. கன்னையாவின் உடம்பு ஒருமுறை துள்ளி அடங்கியது. இடது கை தட்டைப் பிடித்திருந்தது, தட்டு சாயவில்லை. ஒரு சத்தமும் இல்லை. தம்புசாமியின் கடைவாயில் ரசத்தோடு ரத்தம் வழிந்து தாடியில் சொட்டியது. எலும்பு வரை போயிருக்கும். கன்னையா கையை இழுக்கவில்லை. இழுத்திருந்தால் சதை கிழிந்து வந்திருக்கும், அது அவருக்குத் தெரிந்திருக்கும். ஆனால் அவர் மற்றொரு கையால் அடித்திருக்கலாம், தட்டால் மண்டையில் போட்டிருக்கலாம். கட்டிய கையோடு இருப்பவரை என்ன வேண்டுமானாலும் செய்திருக்கலாம். அவர் சும்மா உட்கார்ந்திருந்தார். விரல்களை அங்கேயே விட்டுவிட்டு, மச்சானின் கண்ணைப் பார்த்தபடி.

எவ்வளவு நேரம் என்று தெரியவில்லை. அடுப்பில் என் சோறு தீய்ந்த வாசம் வரும் வரை.

தம்புசாமியின் தாடை தளர்ந்தது. விரல்கள் வெளியே வந்தன, பல் அச்சுகள் கருஞ்சிவப்பாக, ஒன்றில் தோல் தொங்கியது. வாயில் இருந்ததை அவர் துப்பவில்லை. மென்றார். விழுங்கினார். கண்ணிலிருந்து தண்ணீர் இறங்கித் தாடியில் இருந்த ரத்தத்தோடு சேர்ந்தது. துடைக்க அவருக்குக் கையில்லை.

"உப்பு கம்மி" என்றார்.

கன்னையா எழுந்து உப்பு எடுத்து வந்தார். வரும்போது குழாயில் விரல்களைக் கழுவிக்கொண்டார். கட்டுப் போடவில்லை. உட்கார்ந்து, சோற்றில் உப்பைத் தூவிப் பிசைந்தார். ரசம் காயத்தில் பட்டதும் ஒருமுறை மூச்சை உள்ளே இழுத்தார். அதே கையால் அடுத்த உருண்டையை எடுத்து நீட்டினார்.

தம்புசாமி வாயைத் திறந்தார். கன்னையா விரல்களை முன்பு போலவே பற்களைத் தாண்டி உள்ளே கொண்டுபோனார்.